இருபத்தைந்தாம் வளைவு

கல்லட்டி இறக்கம், கேரட் வண்டி.
ஒன்றில் தொடங்கி, பலகை வரவர
அதன் எண்ணால் பெருக்கிக்கொண்டே போகிறேன்.
முழுத் தொகை யாருக்கு வேண்டும்,
வாலில் தொங்கும் பூஜ்யங்கள் போதும்.

ஐந்தாம் வளைவில் ஒன்று.
பத்தில், பதினைந்தில், இருபதில்
ஒவ்வொன்றாய்.
இருபத்து நான்கிலும் நாலேதான்.

"என்ன முணுமுணுப்பு?"
போஜன் இரண்டாம் கியருக்கு இறங்குகிறான்.
மூடுபனிக்குள்ளிருந்து
மஞ்சள் பலகை: இருபத்தைந்து.

ஐந்துக்குள் ஐந்தை ஒளித்த எண்.
ஒரே திருப்பத்தில் இரண்டு பூஜ்யம்.
ஆறு.
ஐந்து எங்கே?
இந்த மலை இன்னும் ஆயிரம் வளைந்தாலும்
ஐந்தில் நிற்கிற பெருக்கம் இல்லை.

அம்மாவுக்கும் நாலுக்குப் பின்
ஒரே ராத்திரியில் ஆறு.
ஐந்து பிள்ளைக்காரியாக
ஒரு விடியலும் அவள் கண்டதில்லை.

ஐந்தாவது நான் என்பான் போஜன்.
நான்தான் என்பேன்.
பிரேக் வாசம். கேரட் மூட்டைகள்
ஒருபக்கமாய்ச் சரிந்து
நிமிர்கின்றன.