தள்ளுபடி கோரும் மனு

பென்சிலில் எழுதிய மனுவை வாங்கக் கூடாது.
அதனால் என் பேனாவைக் கொடுத்தேன்.
டுலூத் துறைமுகம் உறைந்து பதினோரு நாள்.

வெர்னர் ஹாபாலா, எழுபத்தொன்று,
இரும்புத்தாது ரயிலில் பிரேக் பார்த்தவர்.
கழற்றி வைத்த கையுறை
கவுன்டரில் அவர் கையின் வடிவிலேயே கிடக்கிறது.

தொகை: நாலாயிரத்து இருநூற்றுப் பதினாறு டாலர், எண்பது சென்ட்.
மனைவி ஐலியின் டயாலிசிஸ் பாக்கி.
ஆஸ்பத்திரி கைகழுவிய கடனை
யாரோ வாங்கி, அவரிடம் இன்னொருவர் வாங்கி,
கடைசியில் இந்தக் கம்பெனி
டாலருக்கு நாலு சென்ட் வீதம் மூட்டையாக அள்ளியது.
தள்ளுபடி விலை.

இவர் கேட்பதும் தள்ளுபடிதான்.
இதற்கு மட்டும் மூன்று நகல், ஒரு பிரமாணம்,
எதிர்த்தரப்புக்கு அனுப்பியதற்கு அத்தாட்சி.

காரணங்கள் என்ற கட்டத்தில் எழுதியிருக்கிறார்:
ஐலி பாக்கி வைக்கிறவள் இல்லை.
கடைக்காரன் கூடுதலாகக் கொடுத்த அரை டாலரை
பனியில் நடந்து போய்த் திருப்பிக் கொடுத்தவள்.

சட்டம் கேட்கும் காரணம் வேறு.
அது இவர் கொண்டுவந்த கட்டிலேயே
நாலாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது,
கடைசியாகப் பணம் கட்டிய தேதியாக.
ஆறு வருடம் தாண்டினால் கடனுக்குக் கோர்ட்டில் கதவில்லை.

என் தலைக்கு மேல் பலகை:
ஊழியர்கள் சட்ட ஆலோசனை வழங்க மாட்டார்கள்.
அதன் கீழே எனக்குப் பதினாறு வருடம்.
கட்டணம் எவ்வளவு, சொல்லலாம்.
கழிப்பறை எங்கே, சொல்லலாம்.

"பக்கங்களைச் சரிபார்க்கிறேன்" என்றேன்.
அது என் வேலை.
ஒன்று. இரண்டு. மூன்று.
நாலாவதில் என் விரலுக்குக் களைப்பு.
அந்தத் தேதியின் மேல் படுத்துக்கொண்டது.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.
வெளியே உப்பு தூவும் லாரி ஒன்று
மிக மெதுவாகப் போனது.

அவர் உதடு அசைய எண்ணத் தொடங்கினார்.
ஐந்துக்குப் பிறகு மறு கைக்குப் போனார்.
ஏழில் நின்றார்.

"இன்னொரு தாள் கிடைக்குமா?"

தாள் ஆலோசனையில் சேராது. கொடுத்தேன்.

தேதியை எழுதினார்.
அரை டாலர் கதையையும் விடவில்லை.
எடுத்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை,
மனமும் இல்லை.
மூன்று நகலிலும் முத்திரை குத்தினேன்.
கையுறை போனது. கூடவே என் பேனாவும் போனது.
திருப்பிக் கொடுக்க நடந்தவள் ஐலி,
இவர் இல்லையே.

மார்ச்சில் உத்தரவு, இரண்டே வரி:
வழக்கு தள்ளுபடி,
மறுபடி தொடுக்க முடியாதபடி.
ஐலியைப் பற்றி நீதிபதி ஒன்றும் சொல்லவில்லை.

அன்று காலைத் தபாலில்
அதே கம்பெனியின் முப்பத்தெட்டுப் புது வழக்குகள்.
முக்கால்வாசிப் பேர் இந்தச் சாளரத்துக்கு வரவே மாட்டார்கள்.
வராமலே தோற்பார்கள்.
எண் போட்டு அடுக்கும்போது
ஒவ்வொன்றிலும் நாலாம் பக்கத்தைத் திருப்புகிறேன்.
எதிரே யாருமில்லை.
விரலை எங்கே வைப்பது?