தெற்குக் கோபுர வாசல்

வலமிருந்து இடமாகப் படிக்கவேண்டிய புத்தகம்.
டவுன்ஹால் ரோட்டு நடைபாதையில் எழுபது ரூபாய்;
நான்காம் அத்தியாயத்தில் டீக்கறை.

முதுகில் கம்பிகள் செருகிய பெண்
மாடி விளிம்பில் குந்தியிருக்கிறாள்.
ஒரு பிடி மூளை தவிர
மற்றதெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம்.
அந்தப் பிடிதான் நானா என்கிறாள்
மழை பெய்யும் கட்டத்துக்குள்.
அடுத்த கட்டம் வெறும் கறுப்பு.

பக்கத்தை மடித்துக்கொண்டு வரிசையில் நகர்ந்தேன்,
செருப்பும் செல்போனும் வெளியே.
மெட்டல் டிடெக்டர் கூவியது.
"உள்ள என்ன இருக்கு?" என்றார் போலீஸ்காரர்.

முழங்கால். டைட்டானியம்.
பைபாஸ் ரோட்டில் லாரி, இரண்டு வருஷமாச்சு.
ஆஸ்பத்திரி அட்டையைக் காட்டினேன்.
குனிந்து தட்டிப் பார்த்தார்,
கதவைத் தட்டுவதுபோல.

"சரி, போங்க."

உள்ளே போனது எது என்று
இன்னும் பிடிபடவில்லை.
காலுக்குப் பதினொரு தவணை பாக்கி.