மூன்றாவது தட்டு

பேய்க்கு ஒதுக்கிய காசு
இரண்டாம் நாளே டீசலுக்குப் போய்விட்டது.
அதனால் பேய் நான்.
மேக்கப் இல்லை. வசனம் இல்லை.
கதவுக்கு வெளியே நின்று மூன்று தரம் தட்டவேண்டும்.
பிறகு தூண்டில் நைலோனை இழுத்தால்
உள்ளே ஒரு கதிரை நகரும்.

வெள்ளவத்தையில், கடல்பக்கத்து ஒழுங்கையில் வீடு.
இடித்து அடுக்குமாடி எழுப்புமுன்
ஒன்பது இரவுக்குத் தந்திருந்தார்கள்.
கஜமுகன் அதற்காக ஓட்டோவை விற்றிருந்தான்.
புகைக்கு நுளம்புச்சுருள், ஒரே நேரத்தில் பதினாறு.
பயங்கரக் காட்சி எது எடுத்தாலும்
பாணந்துறை ரயில் கத்திக்கொண்டு போகும்.
"பேயும் ஒஃபீஸ் விட்டு வருகுது"
என்பான் சவுண்ட்காரன்.

படம் குப்பை.
சொல்ல எனக்கு உரிமை உண்டு,
மூன்று இடத்தில் என் முழங்கை தெரிகிறது.

மேரிஸ்டெல்லா மட்டும்
வேறு ஏதோ படத்தில் நடித்துக்கொண்டிருந்தாள்.
பகலில் சனல் சென்ரரில்
நோயாளர் இலக்கம் கூப்பிடுகிற வேலை.
எட்டரைக்கு அதே சீருடைச் சேலையோடு வந்து
சோத்துப் பார்சலில் பாதியைத் தின்று
மீதியைச் சுற்றிவைத்துவிட்டு
வெறும் மூலையைப் பார்ப்பாள்.
நாங்களும் திரும்பிப் பார்ப்போம்.
அங்கே இரண்டு சீமெந்து மூட்டை.
ஆனாலும் இரவில் ஒருவரும்
அந்தப் பக்கத்தால் கக்கூசுக்குப் போகவில்லை.

ஏழாம் இரவு, காட்சி நாற்பத்தொன்று.
தாளில் இருந்தது இவ்வளவுதான்.
தட்டும் சத்தம். அவள் அலறுகிறாள்.

தட்டினேன்.
அலறல் வரவில்லை.
இன்னும் பலமாய்த் தட்டிவிட்டுச்
சாவித்துவாரத்தால் பார்த்தேன்.

லைட்டைப் போட்டாள். எல்லா லைட்டையும்.
தலைமயிரை முடிந்தாள்.
காட்சியில் இல்லாத
தன் சொந்தக் கைப்பையைத் திறந்து
அடையாள அட்டையை எடுத்து
முகம் வெளியே தெரிய நெஞ்சோடு பிடித்துக்கொண்டு
"பொட்டக் இன்ன, மாத்தயா" என்றாள்,
சிங்களத்தில், மரியாதையாக,
இலக்கம் கூப்பிடுகிற அதே குரலில்.

என் கை அந்தரத்தில் நின்றது.
மூன்றாவது தட்டு அதற்குள் இருந்தது.
கஜமுகன் கட் சொல்லவில்லை.
ரயில்கூட வரவில்லை.

பிறகு ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.
அவள்தான் கேட்டாள்,
வான் காசு இன்றைக்காவது வருமா என்று.

கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில் போட்டோம்.
அறுபது பேர் இருக்கும், பிள்ளைகளைச் சேர்த்து.
கதிரை நகர்ந்ததும் பின்வரிசைப் பெடியள்
"நூல், நூல்" என்று விசிலடித்தார்கள்.
நாற்பத்தொன்று வந்தபோது
முன்வரிசையில் ஒரு மனிதர், நரைத்த மீசை,
கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல்
தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார்.
இருக்கிறதா என்று.

கடைசியில் பெயர்கள் ஓடின.
பேய் என்று எழுதி
அதற்கு நேரே என் பெயரைப் போட்டிருந்தான்.

இப்போது யார் வீட்டுக்குப் போனாலும்
கேற்றடியில் நின்று போன் எடுக்கிறேன்.
வந்திட்டன், நான்தான், என்று
முதலே சொல்லிவிடுகிறேன்.