எண்பத்திரண்டு

பயிற்சிப் பட்டறையில் எனக்குப் பதினெட்டுக்குப் பதினெட்டு.
தொட்டால் தொற்றும்: பிழை.
தேத்தண்ணிக் கோப்பையால் தொற்றும்: பிழை.
நாடி பார்க்கக் கையுறை வேண்டும்: பிழை.
மத்தியானம் சோற்றுப் பொதியும்
பின்னேரம் சான்றிதழும் தந்தார்கள்.

பதினோராம் கட்டிலுக்கு
நான் இரண்டு சோடி போடுகிறவள்.
சிஸ்டர் குசுமலதா கண்டும் காணாதவர்.
பஸ்மிலா தன் வயிற்றுப் பிள்ளையைச் சொல்லி
அந்தப் பக்கமே வருவதில்லை.
யாரும் எதுவும் கதைப்பதில்லை.
பெட்ஹெட் டிக்கெட்டின் மூலையில்
யாரோ சிவப்புப் பேனையால் வைத்த புள்ளி
கதைத்துக்கொள்ளும்.

பெயர் தவநாயகம்.
சீனக்குடாவிலிருந்து மா மூட்டை ஏற்றி
லொறி ஓட்டியவர்.
கேட்டு அறிந்ததில்லை, வாசித்தது.

அன்றைக்கு இரவு டூட்டி.
சேலைன் முடிந்திருக்கும் என்று தெரிந்தும்
மெல்ல மெல்லத்தான் நடந்து போனேன்.
கனுலா கழன்று ட்ரேயில் கிடந்தது.
பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அவர்.
"நானே கழட்டிப்போட்டன் மிஸ்.
ஒரு சொட்டும் சிந்தேல்ல, பாருங்கோ."
பார்த்தேன். சிந்தவில்லை.

யன்னலுக்கு வெளியே குப்பையில் வாய் வைத்து
பிரெட்ரிக் கோட்டைப் பக்கத்து மான்கள் இரண்டு.
போன கிழமை அதிலொன்று
யாரோ எறிந்த கையுறையை மென்றுகொண்டு நின்றது.
ஐயோ, மானுக்கும் வந்துவிடும் என்று
கத்தியவள் நான்தான்.

நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கால்
நாடி பார்த்ததாக அட்டையில் என் கையெழுத்து:
எண்பத்திரண்டு, எண்பத்திரண்டு,
எண்பது, எண்பத்திரண்டு.
இரண்டு றப்பருக்கு மேலால்
ஒரு துடிப்பும் எனக்குப் பிடிபட்டதில்லை.
ஒரு மனுசனுக்கு இருக்கக்கூடியதை
எழுதி வைத்தேன்.

மேல் சோடியைக் கழற்றினேன்.
நின்றேன்.
மற்றதையும்.

அவர் கையை இழுத்துக்கொண்டார்.
"மிஸ், கிளவுஸ்" என்றார்,
மறந்துபோனேனாக்கும் என்று.

நூற்றுப் பதினெட்டு.
திரும்ப எண்ணினேன்,
நூற்றுப் பதினெட்டு.
எத்தனை நாளாக?

டொக்டரை எழுப்ப ஓடினேன்.
ஓடுகிற வழியில் நின்று
கை கழுவினேன்.
இரண்டு தரம்.