வெள்ளைமேல் வெள்ளை

ஜூலை. சயான் ஸ்டேஷனுக்கு இந்தப்பக்கம்
இரண்டாம் மாடி, பத்துக்குப் பன்னிரண்டு அறை.
ஜன்னலுக்கு வெளியே எல்லாமே ஈயம்,
வானம், பிளாட்பாரக் கூரை, நீலத் தார்ப்பாய்கூட.

செல்லக்கனி ஆறேகாலுக்கே வந்துவிட்டாள்
ஹாட்பாக்ஸை வயிற்றோடு அணைத்து,
குடையைக் கக்கத்தில் இடுக்கி,
முழங்கால்வரை தாராவித் தண்ணீரோடு.
"ஆப்புல போடணுமாம். படம் பளிச்சுன்னு இருந்தாத்தான்
அமுக்குவாகளாம்."

வெள்ளைக் காகிதச் சுருளைச் சுவரிலிருந்து
மேசைமேல் மடிப்பில்லாமல் வழியவிட்டேன்.
சுவர் எங்கே முடிகிறது, மேசை எங்கே தொடங்குகிறது
யாருக்கும் தெரியக்கூடாது.
காகிதத்துக்கென்று இரண்டு விளக்கு.
முன்பக்கம், யார் வீட்டு ஃபிரிட்ஜோடோ வந்த தெர்மாகோல்.
வெள்ளைப் பீங்கானில் மூன்று இட்லி.
நிற்காத ஃபாஸ்ட் லோக்கல் போனால் முக்காலி நடுங்கும்,
ஆகவே இரண்டு ரயிலுக்கு நடுவில்
முதல் படம்.

திரையில் வந்தது சிமென்ட்.
"என்னதிது, முந்தாநேத்து மாவா?"

காமிராவின் அளவுமானிக்கு ஒரே நம்பிக்கைதான்:
உலகம் சராசரியில் சாம்பல்.
சுண்ணாம்பைக் காட்டினால் சாம்பல் என்னும்.
கரியைக் காட்டினாலும் அதையே சொல்லும்.
பதினோரு மழைக்காலம் இந்த ஊரில் வாடகை கொடுத்தவள்,
எனக்கும் சில நாள் அதே நம்பிக்கை.
இன்று அதன் பேச்சைக் கேட்காமல்
சக்கரத்தை ஐந்து பல் வலப்பக்கம் திருப்பினேன்.

காகிதம் காகிதமாயிற்று. தட்டைக் காணோம்.
இன்னும் இரண்டு பல்.
இட்லியைக் காணோம்.

இருக்கிறது, வெளிச்சத்துக்குள் இருக்கிறது என்றேன்.
"வெளிச்சத்துக்கா நான் மூணு மணிக்கு எந்திரிச்சு
அடுப்பு பத்தவச்சேன்?"

இட்லிகளை அவளே குப்புறத் திருப்பினாள்.
"துணித்தடம் தெரியணும். துணியில வேகுறது இது.
மெசின்காரனுக்கு இந்த வரி வராது."
வரியாவது வளைவாவது,
என் திரையில் ஒரு வெண்மேகம்.

எங்கே வரி என்று எட்டிப் பார்த்தாள்,
கக்கத்துக் குடையோடு.
கறுப்பு ஒரு சாண் நெருங்கியதும்
இடதோர இட்லிக்கு மட்டும் ஒரு விளிம்பு முளைத்தது,
மூன்றாம் பிறைத் தடிமனில்.

அசையாதீங்க.
"ஏன், பல்லியா?"
குடையை விரிங்க.
"ரூமுக்குள்ளயா?"

கறுப்பட்டைகள் இருக்கின்றன என்னிடம்.
பரண்மேல், பூஞ்சை பூத்து.
ஆனால் வேலையைச் செய்தது சொட்டுகிற இந்தக் குடை.
விளக்குகள் கொட்டியதில் ஒரு மடக்கை அது குடிக்க
இட்லியின் தோளில் வளைவு திரும்பிற்று,
நெசவு கட்டம் கட்டமாய் மேலே வந்தது.
காகிதம் கண் கூசும் வெள்ளை.
பீங்கான் குளிர்ந்த வெள்ளை.
இட்லியின் வெள்ளையில் மட்டும்
புழுங்கலரிசியின் மஞ்சள் ஒரு துளி.

அந்தத் துளியை எடுத்துவிடட்டுமா,
ஒரு தேய்ப்பில் போய்விடும் என்றேன்.
திரையையே கொஞ்சநேரம் பார்த்தாள்.
"அது அரிசி. அழுக்கில்ல."

படம் செல்போனில் கட்டைவிரல் நகம் அளவுதான் வரும்.
வரியும் தெரியாது, துளியும் தெரியாது.
சொல்லவில்லை நான்.

நனைந்த பத்து ரூபாய்களாக எண்ணி வைத்தாள்,
ஐந்து நோட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.
"குடை வாடகை."

அவள் படியிறங்கிய பிறகு
விளக்கை அணைத்துவிட்டு, சாம்பல் வெளிச்சத்தில்,
மூன்றையும் ஆறிப்போன பின் தின்றேன்.
கொண்டுவந்த சட்னியை அவள் திருப்பி எடுத்துப்போயிருந்தாள்.
கேட்டதற்கு,
"படத்துல சட்னி இல்லியே."