நாற்பத்தொன்றாம் ஜாடி

பியாவிஸ்தொக். பிப்ரவரி.
மருத்துவமனையின் அடித்தளத்தில் என் ஆய்வறை.
சன்னலில் தெரிவது காலணிகள் மட்டும்,
உப்புத் தூவிய பனியை மிதித்துப் போகிறவை.

இரவு மூன்று பத்துக்கு லிஃப்ட் திறந்தது.
இருபத்தொன்பது வாரத்துப் பையன் மேலே போனான்,
அவன் கொடி கீழே வந்தது:
பதினாறு சென்டிமீட்டர், பனிக்கட்டியின் மேல்.
நல்ல கொடி கழுவிய சோழிபோல் வெளுத்திருக்கும்.
இது திரிந்த பாலின் தெளிவு நிறம்.

ஒப்புதல் தாளில் தியோடோசியா என்று கையெழுத்து,
கடைசி எழுத்துகள் கோட்டை விட்டு இறங்கியிருந்தன.
சீஸ் ஆலையில் இரவு ஷிஃப்ட். காய்ச்சல் இல்லை.
பனிக்குடம் மூன்று நாளாய்க் கசிந்திருக்கிறது,
ஆலையின் ஈரம் என்று நினைத்தாளாம்.
தாளின் அடியில் பென்சிலால் ஒரு கேள்வி:
திரும்பக் கிடைக்குமா?

பதினொரு வருடத்தில் யாரும் கேட்டதில்லை.

கொடிக்குள் இருப்பது கூழ்.
எலும்பில்லை, வலி அறியும் நரம்பில்லை;
தண்ணீரைப் பிடித்துவைக்கத் தெரிந்த சர்க்கரைச் சங்கிலிகள்,
அவற்றைச் சுற்றிக் கொலாஜன் வலை.
பிள்ளை எத்தனை முறை புரண்டு முறுக்கினாலும்
இரண்டு தமனியும் ஒரு சிரையும் நசுங்காமலிருப்பது
இந்த வழுவழுப்பின் தயவு.

எடை போட்டேன். அரைத்தேன். சுழற்றினேன்.
கொலாஜனை வெட்டும் என்சைம் ஆறு மடங்கு.
ஹையலுரோனிக் அமிலத்தின் நீண்ட நூல்கள்
அறுந்து, பட்டையின் அடியில் புகைபோல் கிடந்தன.
பிடித்துவைக்க ஆளில்லாத தண்ணீர்
தட்டில் ஒழுகியது.

எண் மட்டும் போதாது. ஒப்பிட ஒரு கொடி வேண்டும்,
அதே வாரம், ஆனால் அழற்சி இல்லாமல்.
அப்படி முந்திப் பிறப்பவர்களின் பின்னால்
வேறெதோ நடந்திருக்கும்.
நாற்பத்தொன்றின் ஜோடி முப்பத்தேழு.
முப்பத்தேழின் அம்மா பெயருக்கு எதிரே
பதிவேட்டில் ஒரு கோடு.
அந்தக் கோட்டை வைத்துத்தான்
இந்தப் பையனை அளந்தேன்.

ஏப்ரலில் தியோடோசியா படியிறங்கி வந்தாள்,
காகிதத்தில் சுற்றிய அரைக் கிலோ சீஸோடு.
பையன் குழாயில்லாமல் மூச்சு விடுகிறான் என்றாள்.
பிறகு, அது?

அரைத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது.
சொன்னேன்.
தலையை ஆட்டினாள், இறைச்சிக் கடையில்
சாமான் தீர்ந்துவிட்டது என்று கேட்டவள்போல்.

ஒரு கண்ணாடித் தகடு மிச்சமிருந்தது.
நாற்காலியை அவள் பக்கம் தள்ளினேன்.
இது சிரை. இது அதன் சுவர்.
சுவரைத் துளைத்துக் கூழுக்குள் இறங்கும்
இந்த ஊதாப் புள்ளிகள் வெள்ளணுக்கள்.

என்னுடையவையா?

இல்லை. கிருமி உங்கள் பக்கமிருந்து வந்தது.
எதிர்த்து ஓடியவை அவனுடையவை.
வெட்டியதும் அவைதான்: கிருமியைத் தேடிப் போன இடத்தில்
தன் கயிற்றையே அறுத்திருக்கின்றன.

வெகுநேரம் குனிந்திருந்தாள்.
கண்ணை எடுக்காமலே சொன்னாள்:
அப்போ சும்மா படுத்திருக்கவில்லை.
நான் ஷிஃப்டில் நின்றபோது
இவனும் ஷிஃப்டில் நின்றிருக்கிறான்.

அறிக்கையில் அதற்குக் கட்டமில்லை.
அவள் போனபின் கண்வில்லையில் ஒரு ஈர வளையம்.
உடனே துடைக்கவேண்டும், விதி அப்படி.
சீஸை அறுத்துத் தின்றேன்,
உப்புக் கொஞ்சம் தூக்கல்.
பிறகு துடைத்தேன்.