முன்பாரம்

மூக்கைத் திறந்தால் எஞ்சின் இல்லை.
இருபது கிலோ உருளைக்கிழங்கு,
ஒற்றைக் கம்பளிக் கையுறை,
போன வருடத்து டயர் ரசீது.
"முன்பாரம்" என்கிறாள் த்ரஹோமீரா.
பனி உருகும்வரை
அந்தக் கிழங்கை யாரும் சமைக்கக் கூடாது.

பல்மருத்துவர். ஐம்பத்தொரு வயது.
யெசெனீக் மலையடியில், ஞாயிறு காலை ஆறு மணிக்கு,
பின்சக்கரங்களுக்கும் பின்னால்
நான்கு சிலிண்டர்கள் தொண்டையைச் செருமுகின்றன.

எடை இருக்கும் இடத்தில்தான் பிடி.
மற்றவர்கள் குனிந்து சங்கிலி மாட்டும் ஏற்றத்தில்
பிட்டத்தை அழுத்திப் பாயும் பூனைபோல
இது போய்விடும்.

வளைவில்தான் வழக்கு.
பயந்து காலை எடுத்தாயோ,
பாரம் முன்னே சாயும்
பின்சக்கரம் தரையை மறக்கும்
வால் தலையை முந்தப் பார்க்கும்.
மூன்றாம் வளைவின் பேரிமரத்தில்
இன்னும் இருக்கிறது இவள் பச்சைப் பெயிண்ட்.

வேகத்தை வெளியிலேயே விட்டுவிட்டு வா.
உள்ளே வந்தபின் மிதி,
மெல்ல, விடாமல்,
சொத்தைப் பல்லைத் துளைக்கும் கையோடு.

"எஞ்சினை நடுவில் வைத்திருக்கலாமே,
வரைந்தவனுக்குப் பின்புத்தி" என்றான் ராடோவான்,
கதவுப் பிடியை விடாமல்.
"வைத்திருக்கலாம்.
அப்புறம் இதற்கு நான் எதற்கு?"

ஏப்ரலில் மூக்கைத் திறந்தாள்.
கிழங்குகள் முளைவிட்டிருந்தன,
பாதிக்கு மேல்
பின்பக்கம் பார்த்து.